ரிந்தோ_07_மரணம்_3

எங்கள் அலுவலகம் பல் மருத்துவமனைக்கு நேர் மேலே.
ஃபுகுவோகா, யாகுயின் நிலையத்திலிருந்து ஒன்பது நிமிட நடை.
பகலெல்லாம் பல் குடையும் சத்தம் படியேறி வரும்,
அதனால் குரல் பதிவுகள் ஆறு மணிக்கு மேல்தான்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது என் வேலை.
வாள் உறைக்குள் நுழைவது,
ஈரச் செருப்பு, காய்ந்த செருப்பு,
பணப்பை நிறைவது, பணப்பை குறைவது.
குறையும் ஒலிதான் கூடுதல் இனிமையாக வேண்டுமென்றார்
இயக்குநர் குவாபாரா.
மூன்று முறை திருத்தினேன்.

ரிந்தோ வைத்தியம் பார்ப்பவள். பதினேழு வயது.
ஏழாம் அத்தியாயத்தில் சாகிறாள்.
தமாகிக்கு அதை எழுதப் பதினோரு நாள் பிடித்தது.
கைப்பேசித் திரையின் அடியில் ஒரு பெட்டி,
வரிக்கு இருபத்திரண்டு எழுத்து, மூன்றே வரி,
அதற்குள் ஒருத்தி செத்தாக வேண்டும்.
நன்றியை வெட்டினாள். காதலை வெட்டினாள்.
போர், நாடு, நட்சத்திரம்
எதுவும் பெட்டிக்குள் அடங்கவில்லை.
எஞ்சியது இவ்வளவுதான்:
கஞ்சி அடுப்பில் இருக்கிறது.
அடிப்பிடித்துவிடும், பாருங்கள்.

குரல் கொடுக்க வந்தவர் இசோகாய் மினெகோ,
ஐம்பத்தொரு வயது, முழங்காலில் கட்டு,
பை நிறையத் தேன் மிட்டாய்.
முதல் முறை அழுதுகொண்டே செத்தார்.
வேண்டாம் என்றோம்.
அடுத்த முறை அழகாகச் செத்தார்.
அதுவும் வேண்டாம்.
கண்ணாடிக்கு அப்பால் காலணியைக் கழற்றினார்,
நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்,
ஒலிவாங்கியைக் கீழே இறக்கச் சொன்னார்.
கஞ்சியைச் சொன்னார்.
ஒரு மூச்சு விட்டார்.

பொத்தான்மேல் இருந்த விரலை நான் மறந்துபோனேன்.
நாற்பது விநாடி
வெறும் அறை பதிவாகியிருக்கிறது.

பிப்ரவரியில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது.
சோதனைப் பதிப்பின் குலுக்கலில்
ரிந்தோ வரும்வரை காசைக் கொட்டியிருக்கிறார்கள்.
காசு கொடுத்து எடுத்தவளைக் கொன்றால்
சும்மா விடுவார்களா என்றார் குவாபாரா.
தமாகி சண்டை போடவில்லை.
படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சோற்றுருண்டையைப் பிரித்துத் தின்றாள்,
வந்து, நாலு மணி நேரத்தில் மாற்றிவிட்டாள்.
ரிந்தோ இப்போது உப்பு வாங்கப் போகிறாள்.
எட்டாம் அத்தியாயத்தில் திரும்பி வருகிறாள்.
கஞ்சி வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மூச்சுதான் மிஞ்சியது.

கோடைச் சிறப்புக்கு ஒரு வெந்நீர் ஊற்று வரைந்திருந்தார்கள்.
மினெகோவை மறுபடி அழைக்கக் கையில் பணமில்லை.
நள்ளிரவு தாண்டி, வேறு வழி தோன்றாமல்,
அந்த மூச்சை எடுத்து நீராவிக்குள் விட்டேன்.
கொஞ்சம் எதிரொலி. மூங்கில் குழாயில் ஒரு சொட்டு.
தோள்வரை வெந்நீரில் இறங்குகிற பெண்ணுக்கு
அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.
எல்லாரும் சிரித்தார்கள்.
தமாகி மட்டும், இன்னொரு தடவை போடு, என்றாள்.
போட்டேன்.
இன்னொரு தடவை என்றாள்.

பெயரை மாற்ற முடியவில்லை.
பதினான்கு இடங்களிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள்,
தொட்டால் ஆட்டம் உறைந்துவிடுகிறது.

ஆகஸ்டில் ஓர் இரவு, கடைசி ரயில்.
எதிரே பேஸ்பால் பையோடு ஒரு பையன்.
காதொலிக் கம்பி நழுவியது.
பெட்டி முழுக்கக் கேட்டது அந்த மூச்சு.
பையன் காது சிவந்து கைப்பேசியைத் தொடையில் கவிழ்த்தான்.
பக்கத்தில், பல்பொருள் அங்காடிச் சீருடையில்,
குதிகாலைச் செருப்பிலிருந்து விடுவித்தபடி ஒரு பெண்,
கண்ணைத் திறக்காமலே
அதே மூச்சை விட்டார்.
அதே நீளம். முடிவில் அதே சின்ன விக்கல்.

ஓஹாஷியில் கதவு மூடிய பிறகுதான் உறைத்தது,
பதிவுக் கருவி பையில் இருந்தது.